கொக்கு கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த படம்

ஒரு காட்டில் செங்கமலம் என்ற உடும்பு சினிமா இயக்குநராக இருந்தாள். கடல் தாண்டிய ஆங்கிலக் காட்டில் எப்போதோ எழுதப்பட்ட ஒரு காமரச நாவலைப் படமாக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருடங்களாக விடாப்பிடியாக அலைந்தாள். புருஷனை இழந்த ஒரு பெண்மயில். அவள் மாளிகைக்குக் கடிகாரம் பழுதுபார்க்க வரும் ஒரு கொக்கு. நானூறு பக்கத்தில் கடிகாரத்துக்கு மூன்று பக்கம்தான். மீதியை அந்தக் காலத்து விலங்குகள் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தன.

செங்கமலத்துக்கு அதில் பிடித்தது வேறு. ஆறு வருடமாக யாருமே தொடாத மயிலின் கழுத்தைக் கொக்கு தொடும்போது அவள் அழுதுவிடுகிறாள். அந்த ஒரு பக்கத்தைத் திரையில் காட்டிவிட்டால் போதும், அப்புறம் சினிமாவையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தாள்.

படம் தணிக்கைக் குழுவுக்குப் போனது. தலைவர் சடகோபன் என்ற ஆமை. கூச்சமான காட்சி வந்தால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்வார். ஆனால் முழுதாக இழுக்கமாட்டார்.

"முத்தம் வேண்டாம்மா," என்றார்.

"அலகும் அலகும் லேசாகப் படுகிறது, அவ்வளவுதானே ஐயா."

"லேசாகப் படுவதுதான் பிரச்சினையே."

வெட்டினாள். அடுத்த முறை இறகு கோதுவது போனது. அதற்கடுத்த முறை, கல்யாணம் ஆகாதவர்கள் ஒரே அறையில் இருக்கக்கூடாது என்றார்கள். அழுகிற காட்சியையாவது விட்டுவிடுங்கள் என்று செங்கமலம் கெஞ்சினாள்.

"எதற்கு அழுகிறாள்?"

"சந்தோஷத்தில், ஐயா."

"அப்படியானால் கண்டிப்பாக வெட்ட வேண்டும்."

மயிலே போய்விட்டாள். கொக்கு தனியாகக் கடிகாரத்தைப் பழுதுபார்ப்பது மட்டும் மிஞ்சியது. நீளம் போதாமல் செங்கமலம் அதையே இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எடுத்துச் சேர்த்தாள். எல்லோரும் பார்க்கலாம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

முதல் காட்சியில் பாதியிலேயே எழுந்து போய்விடும் எண்ணத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அது எந்த நாவலிலிருந்து எடுத்த படம் என்று காட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கொக்கு கடிகாரத்தின் பின்பக்க மூடியைக் கழற்றியது. கொட்டகையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஒரு சொட்டு எண்ணெய் விட்டது. யாரோ விசிலடித்தார்கள். சாவியை எடுத்தபோது ஒரு முயல் தன் குட்டிகளின் கண்களைப் பொத்தியது. "இந்தக் கொக்கு லேசுப்பட்டவன் இல்லை," என்று பக்கத்து நாற்காலியிலிருந்த காட்டுப்பன்றி பெருமூச்சு விட்டது.

மறுவாரமே வீடுகளில் சுவர்க் கடிகாரங்களைத் துணி போட்டு மூடினார்கள். தணிக்கைக் குழு அவசரமாகக் கூடி, வயது வந்தோருக்கு மட்டும் என்று சான்றிதழை மாற்றியது. கூட்டம் இரட்டிப்பானது.

நாற்பதாவது நாள் சடகோபன் செங்கமலத்தின் வீட்டுக்கு வந்தார். "வெட்டியதையெல்லாம் ஒரு தடவை பார்க்க வேண்டும். அலுவல் விஷயமாகத்தான்," என்றார்.

அவள் மயில் அழுகிற காட்சியைப் போட்டுக் காட்டினாள். மயில் அழுது முடித்தாள். சடகோபன் கொஞ்சம் காத்திருந்தார்.

"பிறகு?"

"அவ்வளவுதான் ஐயா."

"இதில் ஒன்றுமே இல்லையேம்மா. இதையா வெட்டச் சொன்னோம்?"

"அப்படியானால் திரும்பச் சேர்த்துவிடட்டுமா?" என்று ஆசையோடு கேட்டாள் செங்கமலம்.

சடகோபன் பதறிப்போனார். "வேண்டாம்மா. குடும்பத்தோடு பார்க்கிற படமாகிவிடும். ஓடாது."

நீதி: நல்ல ஆபாசப் படம் எடுக்க ஓர் இயக்குநர் போதாது, ஒரு தணிக்கைக் குழுவே உட்கார வேண்டும்.