ஏழாம் நம்பர் படத்தில் நம் பால்கனி

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். நீயும் குழந்தைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

மாடி பால்கனியோடு முகப்பை இடித்துவிட்டுக் கார் நிறுத்த இடம் பண்ணலாம் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பேச்சை இத்தோடு விடு. நம் வீடு கண்காட்சியில் தொங்குகிறது!

நூலகத்தில் ஊரின் பழைய படங்களை மாட்டியிருக்கிறார்கள். வரிசை வீடுகள், குழாயடிச் சண்டை, சைக்கிளோடு விழுந்து கிடக்கும் தபால்காரர் என்று எல்லாம் இருக்கிறது. ஏழாம் நம்பர் படத்தில் நம் பால்கனி. அதில் நின்று குச்சியால் முதுகு சொறிகிறவர் சாட்சாத் நம் அப்பா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் படத்தில் பால்கனி இடப்பக்கம் இருந்தது, நம்முடையதோ வலப்பக்கம். முப்பது வருஷம் ஊரார் வீடுகளை டேப் வைத்து அளந்து வரி போட்டவன் சும்மா இருப்பேனா? நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டீர்கள் என்று பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னேன். "சார், கீழே பலகையைக் கொஞ்சம் பாருங்க..." என்று இழுத்தார். "அம்மா, பொறந்ததுல இருந்து அந்த வீட்லதான் இருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று அடக்கிவிட்டேன். மூன்று நாள் நடையாக நடந்தேன். நாலாம் நாள் படத்தைத் திருப்பிப் போட்டு, கீழே என் பெயரையும் எழுதி மாட்டிவிட்டார்கள். தெருவையே கூட்டிப்போய்க் காட்டினேன். நம்மோடு பேச்சு வார்த்தை இல்லாத எதிர்வீட்டுத் தையல்காரரையும் அழைத்தேன், வயிறு எரியட்டும் என்றுதான். மனிதர் படத்தையே வெறித்துப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று கடைக்குத் திரும்பிவிட்டார். எனக்கு அன்றைக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நெஞ்சு அப்படி நிமிர்ந்திருந்தது.

உன் மனைவிக்கு என் அன்பு. குழந்தைகளுக்கு நூறாயுசு.

இப்படிக்கு,
பெருமையுடன் உன் அண்ணன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். இன்று தையல்காரர் தன் கடையின் ஆளுயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கண்காட்சிக்கு வந்தார். படத்துக்கு எதிரே அதை நிறுத்தி, பால்கனிக்குக் கீழே எழுத்துகள் இடம்வலம் திரும்பிக் கிடந்த பெயர்ப்பலகையைக் கண்ணாடியில் பார்த்துக் கூட்டத்தின் முன்னால் உரக்கப் படித்தார். அவர் கடைப் பெயர். நம் வீட்டைக் கட்டிய மேஸ்திரியே எதிர்வீட்டை இடம்வலம் மாற்றிக் கட்டியிருக்கிறார். முதுகு சொறிந்தவர் அவருடைய அப்பா, அந்தக் குச்சி துணி அளக்கும் கஜக்கோல். மானம் கப்பலேறிவிட்டது. ஆனால் கிளம்பும்போது பொறுப்பாளர் அம்மா சொன்னார்: "சார், இந்தப் படத்தை இவ்வளவு நேரா, இந்த உயரத்துல இருந்து எடுக்கணும்னா, எதிர்ல உங்க பால்கனிலதான் நின்னிருக்கணும்." ஆகவே தம்பி, ஊரே இப்போது பார்த்துக்கொண்டிருப்பது நம் பால்கனியில் நின்றுதான். அதில் கை வைக்காதே.