குதிரைக்குத் தப்பியவர்

சதுரங்கப் பலகையை மடக்கிய பிறகுதான் இந்த இனத்துக்கு உயிர் வரும். ஆடும்போது சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். தோற்றதும் துள்ளி எழுந்து, காய்களை மறுபடி அடுக்கி, 'இதை இங்கே வைத்திருந்தால்?' என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் தோளைப் பிடித்து நிறுத்தி, நடக்காத ஆட்டத்தில் ஜெயித்து, வியர்வையையும் துடைத்துக்கொள்ளும். பெயர்: தவற்றிலிருந்து பாடம் கற்றவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பாரே?

தக்கலைப் பக்கம் எங்கள் சபையில் அவர் ஜான்ரோஸ். வருடத்துக்கு ஒருமுறை சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்தன்று, கறி வேகிற நேரத்தில், சதுரங்க இறுதி ஆட்டம் நடக்கும். ஜெயித்தவருக்குப் போதகரோடு முதல் பந்தி. தோற்றவர் வாளி தூக்கிப் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்கார வேண்டும். கடைசிப் பந்தியில் கறி இருக்காது. கறி இருந்ததற்கான வாசனை இருக்கும். ஜான்ரோஸ் பல வருடமாக வாசனைதான் சாப்பிடுகிறார்.

போன வருடம் எதிராளியின் குதிரை ஒரே தாவலில் ராஜாவுக்குச் செக் வைத்து, ராணியையும் குறிவைத்தது. ராஜா ஒதுங்கினார், ராணி போனாள். அன்றே ஜான்ரோஸ் பாடம் கற்றார். எப்படி? வருடம் முழுக்கக் குதிரை. பேருந்தில் குதிரை, ரப்பர் பால் வெட்டும்போது குதிரை, ஜெபத்துக்குக் கண்மூடினால் இமைக்குள்ளே குதிரை. கல்யாண வீட்டில் வடையை ராஜாவாக்கி, அப்பளத்தை ராணியாக்கி, பக்கத்து இலைக்காரரின் பழத்தைத் தாவவிட்டுக் காட்டினார். அந்த மனிதர் பழம் இல்லாமலே கை கழுவினார்.

இந்த வருடம் எதிரே பாட்டுக்குழு பெமிலா.

"உனக்க குதிரை எனக்க பக்கத்துல வராது, கேட்டியா?"

"வராண்டாம் அண்ணே. அது அங்கனயே நிக்கட்டு."

நின்றது. அது தாவக்கூடிய கட்டத்தையெல்லாம் ஜான்ரோஸ் அடைத்தார். ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் அசையாமல் நிற்க, பின்வரிசையைக் காத்த யானையையும் குதிரையை மிரட்ட அனுப்பினார். குதிரை பயந்ததா? காதைக்கூட அசைக்கவில்லை. பெமிலாவின் யானை நேராக இறங்கி வந்து அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்தது. ராஜா முன்னால் ஓடலாமென்றால், சொந்தச் சிப்பாய்களே வாசலை அடைத்து நின்றார்கள்.

"செக்மேட், அண்ணே."

"எனக்க ராணிய எடுத்தியா? சொல்லு, குதிரைய வச்சு எடுத்தியா?"

"இல்ல அண்ணே. ராணி நல்லா இருக்கா. ராஜாதான் செத்துட்டாரு."

பந்தி விசாரிக்கும் சுந்தரராஜ் வாளியை நீட்டினார்: "லேய், ஆராய்ச்சிய பொறவு வச்சுக்க. போதகருக்க இலையில சோறு ஆறுது."

ஜான்ரோஸ் பரிமாறினார். இலைக்கு ஒரு கரண்டி கறி, ஒரு கரண்டி விளக்கம். "ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் ஏத்தியிருந்தேன்னு வையி..."

"விளக்கம் போதும் அண்ணே, துண்டா பாத்துப் போடுங்க" என்றாள் பெமிலா.

கடைசிப் பந்தியில் வாளியைச் சுரண்டிய சத்தம் கேட்டது. ஜான்ரோஸுக்குக் கேட்கவில்லை. முகமெல்லாம் வெளிச்சம், குதிரை போய் அடுத்த வருடத்துக்கான சிப்பாய் கிடைத்துவிட்டதே!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் அந்த யானை பின்வரிசையை விட்டுக் கிளம்பியபோது, 'ஐயோ, அதை எடுக்காதேயும்!' என்று உங்களுக்குப் பதறியதா? இல்லையே. நீங்களும் குதிரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாருங்கள். எங்கள் சபையில் வாளிக்குப் பஞ்சமே இல்லை.