ஹால் சுவரில் ஒரு சைக்கிள் பந்தயம்

என் மாமனாரை ஹால் சுவரிலிருந்து இறக்கிவிடுவது என்று தீர்மானித்தேன்.

பதற வேண்டாம். அவர் தைக்காட்டில் தன் வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். நான் சொல்வது அவர் படத்தை. ரிடையரான அன்று பொன்னாடையோடு எடுத்தது. ஜன்னல் அளவு இருக்கும். இருபத்திரண்டு வருஷம் மஸ்கட்டில் தனியாகக் காலம் தள்ளிவிட்டுத் திருவனந்தபுரத்துக்குத் திரும்பியவன், சொந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் கல்யாணராமன் அவர்கள் மேலிருந்து பார்க்கிறார். காலை நீட்டினால் பார்க்கிறார். மடக்கினாலும் பார்க்கிறார்.

அங்கே நான் எடுத்த படம் ஒன்று தொங்க வேண்டும். கேமராவும் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸும் என்னோடு ஊர் வந்திருந்தன. சந்தர்ப்பமும் வந்தது. தொழில்முறை சைக்கிள் பந்தயம்! எண்பது வீரர்கள் விழிஞ்ஞத்தில் புறப்பட்டு, கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசல் வழியாகப் பறக்கப் போகிறார்கள்.

என் மனைவி சுப்ரியாவிடம் நிபந்தனையைச் சொன்னேன்.

"பந்தயப் படம் நல்லா வந்தா ஹால்ல மாட்டியே ஆகணும். யார் என்ன சொன்னாலும் சரி."

"நல்லா வந்தா மாட்டணும். அவ்வளவுதானே? செரி."

"உங்கப்பாவை இறக்கணும்."

"நீங்க எடுத்தா இறக்கறேன். ஏண்ணா, ஒரு வாரமா கரமனைப் பாலத்துல நின்னு ஆட்டோவா எடுத்துத் தள்ளறேளே, ஒண்ணாவது முழுசா விழுந்ததோ?"

"விழுந்ததே."

"அது ஸ்டாண்டுல நின்னுண்டிருந்தது."

உண்மைதான். ஓடுகிற ஆட்டோக்களில் எனக்குக் கிடைத்ததெல்லாம் பின்பக்கம். "நம்பர் எல்லாம் தெளிவா இருக்கு. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல மாட்டலாம்" என்றாள். என் கண் பார்த்து, மூளைக்குச் சொல்லி, மூளை யோசித்து, விரலுக்கு உத்தரவு போடுவதற்குள் ஆட்டோ பாலம் தாண்டிவிடும். சிந்திக்கிற சுபாவம். என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே கோயில் வாசலில் இருந்தோம். பந்தயம் அங்கே ஏழு நாற்பதுக்கு வரும் என்று பேப்பரில் போட்டிருந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற டிராபிக் போலீஸ்காரர் ஜெயன், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மணி ஏழு இருபது. சுப்ரியா பையிலிருந்து ஒரு தேங்காயை எடுத்தாள்.

"இது எதுக்கு?"

"படம் நன்னா வரணும்னு நேர்ந்துண்டிருக்கேன். உங்க கையால உடைக்கணும்."

இந்த ஊரில் ஸ்கூட்டர் வாங்கினாலும், பரீட்சை எழுதினாலும், கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் பழவங்காடியில் ஒரு தேங்காய் சிதறியாக வேண்டும். நானும் இந்த ஊர்க்காரன். இருபது நிமிஷம் இருக்கிறது. மறுப்பானேன்?

"கேமராவோட போகாதேங்கோ. தேங்காத் தண்ணி தெறிச்சா லென்ஸ் என்னத்துக்கு ஆகும்? இங்க கொடுங்கோ. நான் எதிர்ப்பக்கம் போய்த் தள்ளி நிக்கறேன்."

லென்ஸ் மேல் அவளுக்கு இத்தனை கரிசனம்! நெகிழ்ந்துவிட்டேன். "எல்லாம் செட் பண்ணி வெச்சிருக்கேன். பட்டன்ல மட்டும் கை வெச்சுடாதே."

"ஐயோ, எனக்கென்ன தெரியும்?"

இருபத்துநாலு வருஷத் தாம்பத்தியத்தில் இந்த வாக்கியத்தை அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் தோற்றிருக்கிறேன். அன்றும் உறைக்கவில்லை.

"வேகம் வா சேச்சி" என்று ஜெயன் கயிற்றைத் தூக்கிவிட்டார். அவள் எதிர்ப்பக்கம் போனாள்.

எனக்கு முன்னால் நாலு பேர். என் முறை வந்தது. தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, கண்ணை மூடி, "பிள்ளையாரே, மாமனாரை இறக்கிக் கொடு" என்று வேண்டினேன்.

முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம். நூறு கெஜம் பட்டுத் துணியை ஒரே இழுப்பில் கிழித்தது போல. திரும்பினேன்.

என்ன வேகம்! எண்பது பேர், ஒரே உடம்பாக. முழங்கையோடு முழங்கை உரசுகிறது, ஒருவனும் தடுமாறவில்லை. கெண்டைக்கால்கள் ஆலைச் சக்கரம் போலச் சுழல்கின்றன. வியர்வையும் தைலமும் கலந்த காற்று முகத்தில் அறைந்தது. அப்புறம் வெறும் ரோடு. கேமரா கண்ணுக்கு முன்னால் இருந்திருந்தால் இதில் பாதிகூடப் பார்த்திருக்க மாட்டேன். தேங்காய் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தது.

ஜெயன் வந்தார். "டைம் மாத்தி ஸாரே. இன்னலே சேச்சியோடு பறஞ்ஞல்லோ." நேரத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம்; நேற்றே சேச்சியிடம் சொல்லிவிட்டாராம்.

சேச்சி சாவதானமாக ரோட்டைக் கடந்து வந்தாள்.

"எடுத்தியா?"

"ஒண்ணே ஒண்ணு."

பார்த்தேன். முன்னால் வந்த வீரன் முழுசாக, நட்ட நடுவில். சக்கரக் கம்பிகளை எண்ணலாம். மோவாயில் ஒரு சொட்டு வியர்வை, விழலாமா வேண்டாமா என்று தொங்குகிறது. பொறாமைப்படக்கூட மறந்து பார்த்துக்கொண்டே நின்றேன்.

"எப்படிடீ?"

"பத்தொன்பது வருஷமா பாங்கு வேலைக்குப் போக தினம் இந்த ரோட்டை கிராஸ் பண்றேன். வண்டி எங்க இருக்குன்னு பாத்துண்டிருந்தா கிராஸ் பண்ண முடியுமோ? எங்க வரப்போறதுன்னு பாக்கணும்."

போட்டோகிராபி பற்றி நாலு தடிப் புத்தகம் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரி அவற்றில் இல்லை.

"தேங்காயை இன்னும் உடைக்கலையே. படம்தான் நன்னா வந்துடுத்தே, போய் உடைச்சுட்டு வாங்கோ."

உடைத்தேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் வீரனுக்குப் பின்னால் நின்ற ஆளைக் கவனித்தேன். தேங்காயைத் தலைக்கு மேல் ஏந்தி, வாயைப் பிளந்துகொண்டு. என் விசுவரூபம்.

"இதை மாட்ட வேண்டாமே, சுப்ரியா."

"யார் என்ன சொன்னாலும் மாட்டணும்னு சொன்னது யாரு?"

மாட்டினாள். நான் எடுக்கவில்லையாதலால் மாமனார் இறங்கவில்லை. அவருக்கு நேர் கீழே ஆணி அடித்து, அவர் பொன்னாடையின் நுனியை என் தேங்காய் தொடுகிற மாதிரி.

அடுத்த ஞாயிறு மாமனார் வந்தார். சோபாவில் உட்கார்ந்து சுவரை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை, எனக்கு எதுக்கு தேங்கா எல்லாம்? ஒரு டம்ளர் காப்பி போறுமே!"