டிரையருக்கு நான் போட்ட பூட்டு

பூட்டுப் போடுவதில் எனக்கு இணை கிடையாது. சாவியை யாரிடம் கொடுத்துவைப்பது என்பதில்தான் கோட்டை விட்டுவிடுவேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். பதுளைக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் நான் கம்ப்யூட்டர் கிளார்க். (ஆறு மாத கோர்ஸ் சான்றிதழை அம்மா, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராவில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார்.) தூளைக் காயவைக்கும் டிரையரின் சூட்டை அதுவரை டீமேக்கர் ராமையா ஐயா கையால் திருகித்தான் கூட்டிக் குறைப்பார். அந்த வருடம் அந்த வேலை கம்ப்யூட்டருக்கு மாறியது. தோட்டத்து மேனேஜரான துரை தன் மேசையிலிருந்தே சூட்டைப் பார்ப்பதற்காக ஆபீசுக்கும் ஒரு வயர் இழுத்தார்கள். அந்த வயர் வழியாக வைரஸ் வரும், வெளியாள் புகுந்துவிடுவான் என்று கம்ப்யூட்டரைப் பொருத்தக் கொழும்பிலிருந்து வந்தவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் தூக்கம் போயிற்று. ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ளும்படி செய்தேன்.

"பாஸ்வேர்ட எனக்கும் சொல்லி வச்சா என்ன தம்பி?" என்றார் ராமையா ஐயா.

"ரகசியம்னா ஒருத்தருக்குத்தாங்க தெரியணும்."

இதைச் சொன்னபோது நெஞ்சை எவ்வளவு நிமிர்த்தியிருந்தேன் என்பதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு, ஃபேக்டரியில் ஒரு போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அம்மாவோடு லுணுகலைக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் அப்பா வாத்தியார். அந்த நம்பர் அவர் வீட்டுடையது.

"பல்லக் காட்டாத," என்றார் அம்மா பஸ்ஸில். "புடிச்சிருந்தாலும், வீட்டுக்குப் போயி கடுதாசி போடுறோம்னுதான் சொல்லணும்."

தலையாட்டினேன். போட்டோ வந்த நாளிலேயே நான் விழுந்துவிட்டது அம்மாவுக்குத் தெரியாது.

வடை வந்தது. கூடவே எனக்கு ராமையா ஐயாவின் போனும் வந்தது.

"தம்பி, சூடு கண்டபடி ஏறுது. தூளு கருகுது. பெட்டி பாஸ்வேர்டு கேக்குது!"

"அடுப்ப அணைச்சிடுங்கய்யா."

"அணைச்சா காயாத தூளு பூராம் புளிச்சிரும். நேத்து எடுத்த கொழுந்து மொத்தமும் போச்சி!"

அந்தக் கொழுந்தில் அம்மா பறித்ததும் இருந்தது. வாயைக் கையால் மூடி மெல்லச் சொன்னேன்.

"கேக்கலப்பா, டிரையர் சத்தம்! கத்திச் சொல்லு!"

"மகேஸ்வரி!" என்று கத்தினேன்.

வாத்தியார் பதறிவிட்டார். "வந்துருவா தம்பி, டீ ஊத்திக்கிட்டிருக்கா."

"அப்புறம்?" என்றார் ராமையா ஐயா.

"நூத்தி நாப்பத்தி மூணு!"

(அந்நாளில் 'ஐ லவ் யூ' என்று எழுதக் கூச்சப்பட்டவர்கள் இந்த எண்ணை எழுதுவார்கள். வாத்தியாருக்கு அது தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்ற பெண்களுக்குத் தெரிந்திருந்தது.)

"தொறந்துருச்சி," என்றார் ராமையா ஐயா. ஒரு ஈடு தூள் குப்பைக்குப் போனது. மற்றது தப்பியது.

"அது என்ன தம்பி நம்பரு?" என்றார் வாத்தியார்.

"டிரையர் நம்பருங்க."

திரும்பும்போது பஸ் பசறைக்கு வரும்வரை அம்மா டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடுதாசிச் செலவு மிச்சம்," என்றார்.

மறுநாள் துரை கூப்பிட்டார். "நீ இல்லாட்டி இந்த ஃபேக்டரி ஓடக் கூடாதா?" என்று மட்டும் கேட்டார். டிரையர் பக்கம் போனால், சுவரில் சாக்பீஸால் பெரிதாக 'மகேஸ்வரி 143'. உடனே பாஸ்வேர்டை மாற்றப் போனேன்.

"மாத்தாத தம்பி," என்று தடுத்தார் ராமையா ஐயா. "எல்லாரும் இப்பதான் பாடமாக்கியிருக்கோம்."

கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் தோட்டத்துக்குப் போனால் அவள் 'பாஸ்வேர்டு அக்கா'தான். அந்தக் கூத்துக்குப் பிறகும் எப்படிச் சம்மதித்தாய் என்று யாராவது கேட்டால் மகேஸ்வரி சாதாரணமாகச் சொல்வாள்: "வேற ஒருத்தி பேரக் கத்தியிருந்தா, டீய அப்படியே உள்ள கொண்டு போயிருப்பேன்."