ஐரினுக்கு அரைநாள் லீவு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. பழைய அமெரிக்கப் படங்களைப் பார்ப்பவர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். படம் எல்லோருந்தான் பார்க்கிறார்கள், இவர்கள் அந்தப் படங்களுக்குள் சம்பந்தம் செய்துகொண்டவர்கள். வெளியே மழையா என்று கேட்டால், ஏதோ ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் பெய்த மழையைப் பற்றிச் சொல்வார்கள். நீங்கள் ஒரு படத்தைப் பார்க்கவில்லையென்றால் இரங்குவார்கள். பார்த்திருந்தால், எத்தனை தரம் என்பார்கள். நட்சத்திரங்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள், நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்களைப் போல. இவர்களை உங்களுக்குத் தெரியாதா? தெரியும்.

மலைநாட்டில், கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த பாலச்சந்திரன் இந்த இனத்தில் முதல் தரம். யாழ்ப்பாணத்துக்காரர். ஐரின் கால்டர் என்ற நடிகை அவருக்கு 'எங்கட ஐரின்'. ஞாயிறு மதியம் தொலைக்காட்சியில் அவள் படம் வந்தால், கந்தோரில் தன் கீழ் எழுதும் ஆட்களை வரவழைத்து உட்கார்த்தி, அவள் பேசுவதற்கு ஒரு நொடி முன்னால் வசனத்தைத் தாமே பேசி, "இப்ப திரும்புவா, இடது புருவத்தைப் பாருங்கோ" என்று விரலை நீட்டி, அந்தப் புருவத்தை ஒருவரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிடுவார். கறி அடிப்பிடித்த ஒரு நாள், ஐரினாக இருந்தால் அடுப்பை விட்டுவிட்டு யன்னலோரம் போய் நின்றிருப்பாள் என்று மனைவி புனிதவதியிடம் சொன்னார்.

"அவவுக்குச் சமைக்க ஆள் இருந்திருக்கும்," என்றாள் புனிதவதி.

தொண்ணூற்றேழில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை வானொலியின் ஆங்கிலச் செய்தியில் ஐரின் காலமான சேதி வந்தது. புனிதவதி அப்போது கிணற்றடியில். பாலச்சந்திரன் ஒன்றும் சொல்லாமல், சாப்பிடாமல், கந்தோருக்குப் போய் உட்கார்ந்தார். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து, வேலைக்கு இறங்கிய ஆட்களின் தொகையைச் சொல்ல வந்தார் கங்காணி வீரய்யா.

"என்னங்கய்யா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"எங்கட ஐரின் செத்துப்போனா, வீரய்யா."

"வூட்டு ஆளுங்களா?"

இந்த இடத்தில் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால், அன்றைய கொழுந்து அன்றே தொழிற்சாலைக்குப் போயிருக்கும். ஆனால் அந்தச் சொல் அவருக்கு வரவில்லை. முப்பது வருடப் பழக்கம்.

"வீட்டு ஆள் மாதிரித்தான்."

வீரய்யா இருபது வருடம் தொழிற்சாலை யந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று காதைப் பறிகொடுத்தவர். 'மாதிரி' அவருக்குக் கேட்கவில்லை.

தோட்டத்தில் சாவு விழுந்தால் வேலை அரைநாளோடு நிற்கும். அங்கே அது வழக்கம். பத்து மணிக்கு மலையிலிருந்து கூடைகள் இறங்கின. பதினொரு மணிக்குக் கிளாக்கர் வீட்டுப் பாதை நெடுக வெள்ளைக் கொடி. அதன் பின்னால் தப்பு மேளம். தப்பின் பின்னால் பெண்கள். தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயங்களுக்கும் ஒப்பாரியில் முதல் ஆளான அம்மாக்கண்ணு நேரே வந்து புனிதவதியைக் கட்டிக்கொண்டு, "போயிட்டாங்களே ஆத்தா," என்றாள். கந்தோருக்குப் போன ஒருவரைத் தவிர வேறு யார் போயிருக்க முடியும்? புனிதவதி கீழே விழுந்தாள்.

சத்தம் கேட்டுப் பாலச்சந்திரன் ஓடிவந்தபோது, அவருடைய மனைவி அவருக்காகத் தலையில் அடித்து அழுதுகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் அழுகை நின்றது.

"உயிரோடயா நிக்கிறியள்?"

அதில் சந்தோஷம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. செத்தது யார் என்று தணிந்த குரலில் அவளிடம் மட்டும் சொன்னார். இப்போது பிரிக்க முடிந்தது. முழுவதும் கோபம்.

முற்றத்தில் இருந்தவர்களுக்கும் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் அம்மாக்கண்ணு காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா, அழுகுறதுக்கு வெவரம் வேணுங்க. புள்ளைங்க எத்தன?"

"பிள்ளையள் இல்லை."

"வூட்டுக்காரரு?"

"அஞ்சு பேர்."

தப்பு நின்றது. அம்மாக்கண்ணு விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். எத்தனையோ சாவுக்கு அழுதவள்; இப்படி ஒன்று அவளுக்கு வந்ததில்லை.

"கடேசியில கூட யாருங்க இருந்தா?"

"ஒருத்தரும் இல்லையாம். செய்தியில சொன்னவங்கள்."

அவள் எடுத்தாள்:

"அஞ்சு மால சூடுன ராசாத்தி – ஒனக்கு
அள்ளி முடிய ஆளில்லாமப் போனியே..."

ஐரினுடைய புருவத்தை முப்பது வருடமாக விளக்கி வந்தவருக்கு, அவள் தனியாக இருந்தவள் என்பது அப்போதுதான் உறைத்தது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உண்மையாகவே அழுதார்.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. தோட்ட மனேஜராக இருந்த துரை சிங்களவர், தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"கிளாக்கர், மலையில ஒரு ஆள் இல்ல. யாரு செத்தது? ஒடம்பு எங்க?"

"அமெரிக்காவில, சேர்."

"எப்ப வருது?"

"வராது, சேர்." பெயரைச் சொல்லிவிட்டு, வேலை போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

துரை தொப்பியைக் கழற்றினார். முற்றத்தில் கிடந்த வாங்குப்பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். "ஐரின் கால்டரா? ரயில்வே ஸ்டேஷன்ல குடை பிடிச்சு நிப்பாளே, அவளா?" தொப்பியை மடியில் வைத்தார். "சரி. எல்லாருக்கும் அரைநாள் லீவு."

வேறு எந்த மனிதனும் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். ஆனால் நாம் பேசிக்கொண்டிருப்பது ஓர் இனத்தைப் பற்றி.

"சேர், அவட கையில இருக்கிறது குடை இல்லை. பெட்டி."

"குடை."

"பதினேழு தரம் பார்த்தனான், சேர். பெட்டி."

துரையின் முகம் சிவந்தது. தொப்பியைத் திரும்பப் போட்டார். "அப்ப லீவு இல்ல. எல்லாரும் மலைக்குப் போங்க."

நூறு பெண்கள் பாலச்சந்திரனைப் பார்த்தார்கள். "குடையெண்டு சொல்லுங்கோ," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் புனிதவதி. அவர் வாயைத் திறந்தார். குடை வரவில்லை.

அம்மாக்கண்ணுதான் மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்கினாள்:

"கொட புடிச்சு நின்ன மவராசி – இன்னிக்குப்
பொட்டி தூக்க நாதியில்லயே..."

குடைக்குத் துரை தலையை ஆட்டினார். பெட்டிக்குப் பாலச்சந்திரன் ஆட்டினார். அவள் சொன்னது சவப்பெட்டியை என்பது இருவருக்கும் தோன்றவேயில்லை. லீவு நிலைத்தது. பெண்கள் லயத்துக்குப் போனார்கள். அந்த இருவர் மட்டும் வாங்கில் உட்கார்ந்து, ஐரினின் அடுத்த படத்துக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறிலிருந்து துரையும் கிளாக்கர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். திரைக்கு முன்னால் இப்போது இரண்டு விரல்கள். புனிதவதி படம் தொடங்கும் நேரம் அம்மாக்கண்ணு வீட்டுக்குப் போய்விடுவாள்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் வாசித்தீர்கள். ஆனால் ஐரின் என்ற பெயர் வந்ததும், இது யாராக இருக்கும் என்று இரண்டு மூன்று முகங்களை மனத்துக்குள் வைத்துப் பார்த்தீர்கள் அல்லவா? ஸ்டேஷன் காட்சி எந்தப் படத்தில் என்று தேடினீர்கள் அல்லவா? குடையுமில்லை, பெட்டியுமில்லை, அது கைக்குட்டை என்று எனக்கு எழுதிப்போட இப்போது பேனாவைத் தேடுகிறீர்களென்றால், முதலில் நீங்களும் அந்த இனமா என்று உங்கள் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு எப்போதோ தெரியும்.