மூன்றாம் மாடியில் காஸ் வாசனை

காஸ் கம்பெனிக்காரர் கதவைத் தட்டியபோது எல்விரா அவரைக் கட்டிப்பிடிக்காததுதான் பாக்கி.

"வாங்க, வாங்க! நாலு நாளா உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன். மீட்டரை என் பேருக்கு மாத்திட்டீங்களா?"

அந்த மீசைக்காரர் மூக்கை உறிஞ்சி மோப்பம் பிடித்தார். சமையலறை, குளியலறை, மறுபடி சமையலறை.

"பேர் மாத்தறது வேற ஆளுங்கம்மா. நான் புகாருக்கு வந்திருக்கேன். மூணாவது மாடி, பி வீடு, காஸ் வாசனை."

"இந்த வீட்டுக்கு இன்னும் காஸே விடலையே. வாசனை எங்கேருந்து வரும்?"

"அது எனக்குத் தெரியாது. வாசனைன்னு புகார் வந்தா முதல்ல மூடணும். மத்ததெல்லாம் அப்புறம்."

"மூடிக்கோங்க. ஏற்கெனவே மூடித்தான் இருக்கு."

"உங்க வீட்டை இல்லம்மா. கட்டடத்தை."

பதினாறு வீடுகள். ஜூலை மாதம், நடுக் குளிர்காலம். ரொசாரியோ நகரத்தில் ஆற்றுக் காற்று எலும்புக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்ளும் மாதம்.

எல்விராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் தினமும் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள். ஆனால் வீட்டில் இருபத்தேழு வருடமாக அடுப்பைப் பற்றவைத்தது அவள் கணவன் ரமிரோதான். "நீ மறதிக்காரி, வீட்டையே கொளுத்திடுவ" என்று லைட்டரைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். வேலைக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான். சென்ற வாரம் இரண்டு பெட்டிகளோடு அவள் கிளம்பியபோது அவன் தடுக்கவில்லை. பெட்டிகளை அவனே தூக்கிவந்து இந்த மூன்றாவது மாடியில் வைத்தான். போகும்போது கதவருகே நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

"ஒரு மாசம். அதுக்கு மேல உன்னால முடியாது."

மறுநாள் காலையே அவள் இரண்டு அலுவலகங்களிலும் வரிசையில் நின்றாள். மின்சாரம் ஒன்று, காஸ் ஒன்று. தன் பெயர் அச்சடித்த ஒரு ரசீதை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

மீசைக்காரர் கீழே போய்ப் பெரிய வால்வை மூடிச் சிவப்பு முத்திரை வைத்தார். காவலாளி அன்செல்மோ வாசலில் அறிவிப்பு ஒட்டினார்: 'பி-3 வீட்டிலிருந்து வந்த புகாரின் பேரில்.'

பத்து நிமிடத்தில் இரண்டாவது மாடி நில்டா மேலே ஏறிவந்தாள். தலையில் சோப்பு நுரை அப்படியே இருந்தது.

"ஏம்மா, நீதான் புதுசா வந்தவளா?"

"நான் புகாரே கொடுக்கலைங்க."

"அப்ப உன் வீடே கொடுத்துச்சா? காஸ் இல்லாம வெந்நீரே வரலை, அறுபத்தெட்டு வயசுல என்னைப் பாதிக் குளியல்ல நிறுத்திட்டியே!"

எல்விரா யோசித்துப் பார்த்தாள். காஸ் அலுவலகக் கவுன்ட்டரில் இருந்த பெண் "காஸ் வாசனை ஏதாவது உண்டா?" என்று கேட்டபோது, "காஸ் வந்தாத்தானே வாசனை" என்று இவள் சிரித்ததும், அந்தப் பெண் எதையோ தட்டச்சு செய்ததும் ஞாபகம் வந்தது. தன் வாய்தான் காரணம். வேறென்ன?

மறுநாள் போய் அதே கவுன்ட்டரில் நின்றாள்.

"அந்தப் புகாரை ரத்து பண்ணிடுங்க."

"வாசனையை ரத்து பண்ண முடியாதுங்க. லைசென்ஸ் வெச்ச குழாய்க்காரர் ஒருத்தர் மொத்தக் குழாயையும் சோதிச்சுக் கையெழுத்துப் போடணும். ஒரு வாரம் ஆகும்."

"கட்டடத்துல வயசானவங்க இருக்காங்க. கொஞ்சம் அவசரம்னு எழுதிக்கோங்களேன்."

அந்தப் பெண் 'அவசரம்' என்று எழுதிக்கொண்டாள். அவசரக் கோப்பு என்றால் ஒருவர் போதாது, இரண்டு குழாய்க்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எல்விராவுக்கு வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. ஒரு வாரம் மூன்று வாரமாயிற்று.

பிராயச்சித்தமாக அவள் ஒரு மின்சார அடுப்பு வாங்கி நில்டாவிடம் கொடுத்தாள். நில்டா சூப் வைத்தாள். மணம் படிக்கட்டு வழியாக மேலேயும் கீழேயும் போனது. மறுநாள் மாலைக்குள் பதினைந்து வீடுகளிலும் மின்சார அடுப்பு. ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் உலை வைத்தார்கள். கீழே மின்சாரப் பெட்டியில் நீலமாக ஒரு வெடி.

இருட்டில் லிஃப்ட் நின்றது. உள்ளே ஐந்தாவது மாடி கோன்ராதோ, அப்போதுதான் வாங்கிய மின்சார ஓவனைக் கட்டிப்பிடித்தபடி இரண்டு மணி நேரம் நின்றார். வெளியே இழுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "அந்த மூணாவது மாடிப் பொம்பள எங்க?"

இரண்டு நாளில் மின்சாரக்காரர்கள் வந்து சரிசெய்தார்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது, ஒன்றைத் தவிர. பி-3 இணைப்பு பழைய குடித்தனக்காரர் பெயரில் இருக்கிறது, அவர் ரத்து செய்துவிட்டார், புதுப் பெயர் இன்னும் ஏறவில்லை என்று சொல்லி அதை மட்டும் கத்தரித்துவிட்டுப் போனார்கள்.

எல்விரா ஓவர்கோட்டோடு படுத்தாள். காலையில் பள்ளிக்கூடத்தில் வெந்நீர்க் குழாயைத் திறந்து கைகளை அதற்கடியில் நீட்டியபடி நின்றாள். மணியடித்தும் கைகளை எடுக்க மனம் வரவில்லை.

அன்று மாலை ரமிரோ கட்டடத்துக்கு வந்தான். மாட்டிறைச்சி சூப், கம்பளி, இரண்டு பெரிய பிளாஸ்க்குகளில் வெந்நீர். ஒன்றை எல்விராவிடம் கொடுத்துவிட்டு மற்றதை நில்டாவின் கதவைத் தட்டிக் கொடுத்தான். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். லிஃப்ட்டுக்குப் பயந்துபோயிருந்த கோன்ராதோவின் ஓவனை ஐந்து மாடி தூக்கிக்கொண்டு போனான்.

"தங்கமான மனுஷன்" என்றாள் நில்டா. "இவரை விட்டுட்டு வர உனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?"

"அடிச்சாரா?" என்றார் அன்செல்மோ.

"இல்ல."

"குடிக்கிறாரா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

லைட்டர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் இவர்கள் சிரிப்பார்கள் என்று தோன்றியது.

மூன்றாவது வாரம் குடியிருப்போர் கூட்டம் நடந்தது. பி-3 காலி செய்ய வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு எழுதுவதா? பதினான்கு கைகள் உயர்ந்தன. நில்டா மட்டும் தூக்கவில்லை, அவளுக்குத் தோள்வலி.

அன்றிரவு எல்விரா போன் செய்தாள்.

"உனக்குச் சிரிப்பா இருக்கும், இல்ல?"

"ஏன் சிரிக்கணும்?" என்றான் ரமிரோ. குரல் கம்பளி மாதிரி இருந்தது. "இதெல்லாம் உனக்குப் பழக்கமில்ல. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வரேன். குளியலறைல வெந்நீர் போட்டு வைக்கறேன்."

சனிக்கிழமை காலை அவள் பெட்டிகளை இறக்க ஆளுக்கு ஆள் போட்டி போட்டார்கள். கோன்ராதோ ஒன்று, அன்செல்மோ ஒன்று. நில்டா மாத்தே டீயோடு கீழே நின்று ரமிரோவுக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவனும் குடித்து, குவளையைத் திருப்பிக் கொடுத்து, எல்லோரிடமும் சிரித்தான்.

எல்விரா படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றாள். பத்தடி நடந்தால் வண்டி.

அந்த நேரம் பார்த்து மீசைக்காரர் உள்ளே வந்தார். கையில் கோப்பு.

"சோதனை முடிஞ்சுது. குழாய்ல ஒரு பொட்டுக் கசிவு கூட இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. வால்வைத் திறந்துட்டுத்தான் வரேன்."

கோன்ராதோ பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். நில்டா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். எங்கோ மேலே ஒரு கதவு திறந்து "வெந்நீர்!" என்று யாரோ கத்தினார்கள்.

"போற நேரத்துல வருது பாரு" என்றான் ரமிரோ, அவள் தோளில் கை வைத்து. "வா, நாம கிளம்பலாம்."

"ஒரு நிமிஷம்மா" என்றார் மீசைக்காரர். "புகாரை முடிச்சதா ஒரு கையெழுத்து வேணும்."

"கொடுங்க" என்று எல்விரா பேனாவை வாங்கினாள். இந்தக் கட்டடத்தில் தன் பெயரை எழுதப் போவது இந்த ஒரு காகிதத்தில்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மீசைக்காரர் கோப்பைப் புரட்டினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். பிறகு பேனாவை அவள் கையிலிருந்து மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"நீங்க போடக் கூடாதும்மா, புகார் கொடுத்தவர்தான் போடணும். ரமிரோ செபாயோஸ்னு இருக்கு. யாருங்க அது?"