சனிக்கிழமைக் கடப்பாரை

கணபதி, கோயமுத்தூர்.
ஈசுவர வருஷம், சித்திரை மாதம், திங்கட்கிழமை.

தாராபுரத்தில் இருக்கும் மைத்துனர் செங்கோடன் அவர்களுக்கு, அக்காள் வீட்டுக்காரர் லட்சுமணசாமி எழுதிக்கொண்டது.

மாப்பிள்ளை, இங்கே நானும் உங்கள் அக்காள் முத்தாத்தாளும் கறவை மாடும் சௌக்கியம். என் வலது கால் பெருவிரல் மட்டும் சௌக்கியமில்லை. அதன் விவரம் முறைப்படி பின்னால் வருகிறது. அங்கே நீங்களும் குழந்தைகளும் உங்கள் ஆயிரம் வாழையும் நலமாக இருக்க மாசாணியம்மன் துணை.

கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நிற்கிறது, குலை தள்ளுகிற வாழை வாடுகிறது, ஆழம் வெட்டாவிட்டால் இந்த வருஷம் ஒரு தார்கூடத் தேறாது, வெட்டுகிற ஆட்களை மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லியிருக்கிறது, அதற்குள் இரண்டு கடப்பாரை, ஒரு சம்மட்டி, நாலு கல்லுளி, ஒரு கப்பி வாங்கி அனுப்புங்கள் என்று இரண்டு வாரத்துக்கு முன் எழுதியிருந்தீர்கள். பட்டணத்தில் மலிவாகக் கிடைக்கும், மச்சான் பார்த்து வாங்குவார் என்று கீழே ஒரு வரி. அந்த வரியை உங்கள் அக்காளுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். முப்பது வருஷம் பஞ்சாலை ஸ்டோரில் குமாஸ்தாவாக இருந்து எட்டு மாதத்துக்கு முன் வேலையிலிருந்து நின்றவன் நான். ஆணியைக் கையில் எடுத்தால் அது எத்தனை நாளில் வளையும் என்று சொல்லிவிடுவேன். ஆகவே சாமான் வாங்குவது எப்படி என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதுகிறேன்.

முதல் விதி, முதல் கடையில் வாங்கக்கூடாது. இரண்டாவது கடையில் முதல் கடை விலையைச் சொல்லக்கூடாது. மூன்றாவது கடையில் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் சோடா வாங்கிக் கொடுத்துவிடுவார்கள், பிறகு பேரம் பேச நா எழாது. இந்த விதிகளின்படி ஒரு வாரம் அலைந்து, ரயிலடிக்குப் பக்கத்தில் சுந்தரராஜுலு என்பவர் வைத்திருக்கும் சகாய விலை இரும்புக் கடையைக் கண்டுபிடித்தேன். வாசலில் ஒரு பலகை தொங்குகிறது: 'சனிக்கிழமை வாங்குவோருக்கு ரூபாய்க்கு நாலணா தள்ளுபடி.' சனிக்கிழமையில் இரும்பு வாங்கி வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை என்பது நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு இரும்புக் கடைக்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். இந்த மனிதர் ஈ ஓட்டுவதற்குப் பதில் பலகை எழுதியிருக்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் கிணறு வெட்டுகிற காரியத்துக்குச் சனிக்கிழமை இரும்பை அனுப்பி, நாளைக்குப் பாறை விழுந்தாலும் பாம்பு வந்தாலும் மச்சான் அனுப்பிய கடப்பாரைதான் என்று பேச்சு வரக்கூடாது. தள்ளுபடியை விடவும் மனம் வரவில்லை. மூன்று நாள் யோசித்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இஸ்மத் பாய்க்குச் சனிக்கிழமை பற்றி ஒரு கவலையும் கிடையாது. அவர் சனிக்கிழமை தன் பேரில் வாங்கித் தன் கடையில் வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது. அப்போது நான் இரும்பு வாங்கிய கிழமை ஞாயிறு, தள்ளுபடி கிடைத்த கிழமை சனி. இதில் தோஷம் எங்கே வந்தது? வக்கீலைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

இஸ்மத் பாய் தங்கமான மனிதர். "ஏனுங்க, எனக்கு எல்லாக் கெழமையும் ஒண்ணுதானுங்க. ஆனா சைக்கிள் கடைக்கு எதுக்குங்க ரெண்டு கடப்பாரைன்னு அவரு கேட்டாருன்னா நான் என்னத்தைங்க சொல்றது?" என்றார். டயர் கழற்ற என்று சொல்லச் சொன்னேன். அவருக்கு இரும்பு பார்க்கத் தெரியாது. நான் கடைக்குள் போனால் நான் வாங்கியதாக ஆகிவிடும். எனவே நான் எதிர்ச்சாரியில் நிற்பது, அவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவது, நல்லதாக இருந்தால் நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பது என்று ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. சித்திரை வெயிலைத்தான் நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. நிழல் இல்லாத இடத்தில் முக்கால் மணி நேரம் நின்ற மனிதன் எத்தனை தரம் முகம் துடைப்பான்? அத்தனையையும் இஸ்மத் பாய் வாங்கிவிட்டார். கடைசியில் கடைக்காரர் என்னைக் காட்டி, "அங்க துண்டு வீசீட்டு நிக்கறாரே, உங்களுக்கு வேண்டியவருங்களா?" என்று கேட்டாராம். இவர், "தெரியாதுங்க, பாவம், வெயிலு தலைக்கு ஏறிப்போச்சாட்ட இருக்குதுங்க" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறார். விசுவாசம் என்றால் இதுதான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல நேரம் பார்த்து எடுக்கப் போனேன். இரும்பைக் கைக்குக் கை வாங்கினால் பகை வரும் அல்லவா? இஸ்மத் பாயோடு எனக்கு எதற்குப் பகை? "கீழ வெச்சுருங்க பாய், நான் எடுத்துக்கறேன்" என்றேன். அவரும் மரியாதையாகச் சம்மட்டியை இறக்கினார். பிடி அவர் கையில் நின்றுவிட்டது, தலை மட்டும் என் பெருவிரல் மேல் இறங்கிற்று. வலியில் நான் கையில் எடுத்த கடப்பாரையைப் பக்கத்துக் கல்லில் ஊன்றினேன். அது அரிவாள் மாதிரி வளைந்துகொண்டது. உளிகளில் ஒன்றைத் தட்டிப் பார்த்தோம், கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. கப்பி மட்டும் நல்ல கனம், சுற்றத்தான் மாட்டேன் என்கிறது.

உடனே ஜட்கா பிடித்துக் கடைக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. சுந்தரராஜுலு என்னை நாற்காலியில் உட்காரவைத்து, சோடா வாங்கிக் கொடுத்து, சாவதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "மாத்திக் குடுக்கறதுக்கு நமக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க. ஆனா சனிக்கெழமை எடுத்த சாமானைச் சனிக்கெழமைதானுங்க மாத்துவோம். அன்னிக்குத்தான் நமக்குக் கை ஒழியுதுங்க" என்றார். சனிக்கிழமை நான் எப்படி இரும்பைத் தூக்கிக்கொண்டு வருவேன் என்றேன். "அதுக்குத்தானுங்க அந்த விதியே" என்றார், கொஞ்சமும் கோபமில்லாமல். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்கள். நான் சோடாவை முடித்துவிட்டு வந்தேன்.

இப்போது கொல்லாசாரி கடப்பாரையை நிமிர்த்திக்கொண்டிருக்கிறார். சம்மட்டிக்குப் பிடி இறுக்கி, உளிக்கு முனை வைத்து, எல்லாம் புதன்கிழமை கிடைக்கும். தள்ளுபடி முழுவதும் அவர் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. வியாழக்கிழமை தாராபுரம் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். தங்கள் தேவைக்கு மேல் மூன்று கடப்பாரையும் எட்டு உளியும் இருக்கும், ஆச்சரியப்பட வேண்டாம். மற்றதெல்லாம் சிரிப்பாக எழுதிவிட்டேன், இதைச் சிரிப்பாக எழுத முடியவில்லை: சாமான் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேராமல் ஆட்கள் திரும்பிப் போய்விட்டால், உங்கள் வாழை என்னால் போயிற்று என்றுதான் ஆகும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மாப்பிள்ளை. என்னை நம்பிச் சொன்னீர்களே.

பெரியவர்களுக்கு என் கும்பிடு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். கிணறு ஊறி, தோட்டம் செழித்து, குலை தாங்காமல் முட்டுக் கொடுக்கும்படி வாழை விளையட்டும்.

இப்படிக்கு,
லட்சுமணசாமி.

பின்குறிப்பு: தம்பி கண்ணு, இது உன்ற அக்கா எழுதறது. உன்ற மச்சான் காயிதத்தை ஒட்டி வெய்யின்னு சொல்லிப்போட்டு கால்கட்டு மாத்த ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறாங்க. நானும் மூணாவது வரைக்கும் படிச்சவதானே, பூராத்தையும் படிச்சுப்போட்டேன். நீ என்ற பேருக்குப் போட்ட காயிதம் சனிக்கெழமை காத்தால வந்துச்சு. நீ மொதல்ல சாமான் கேட்டு எழுதுன காயிதம் வந்த அன்னைக்கே, நான் இவுங்களுக்குத் தெரியாம ஒரே கடையில சொன்ன வெலைக்கு வாங்கி பஸ்ஸுல ஏத்தியுட்ட கடப்பாரை நல்லா நின்னுச்சு, ஆளுங்க முன்னாடியே வந்து வெட்டுனாங்க, ரெண்டாள் மட்டத்துக்குத் தண்ணி நிக்குதுன்னு எழுதியிருந்தே. படிச்சுப்போட்டு அழுதுபோட்டேன். இவுங்ககிட்டச் சொல்லலாமுன்னு வாசலுக்கு வந்தேன். சட்டையைப் போட்டுக்கிட்டு, துண்டை உதறித் தோளுல போட்டுக்கிட்டு, மில்லுக்குப் போற மாதிரியே வெரசலா இரும்புக் கடைக்கு எறங்கிப் போறாங்க. எட்டு மாசமா அப்படி ஒரு நடையை நான் பாக்கலை. வாயத் தொறக்க மனசு வரலை. வியாழக்கெழமை இவுங்க சாமான் வந்து சேரும். நீ ஒரு நாலு நாள் பொறுத்து, தண்ணி வந்துருச்சு, மச்சான் கடப்பாரைதான் பாறையை ஒடச்சுதுன்னு ஒரு காயிதம் போட்டுரு சாமி. இவுங்க பேருக்கே போடு.